முன்பக்கம் பச்சை இலை, பின்பக்கம் பொடி எழுத்து

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். வேலைக்குப் போக ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறதாம். இனிமேல் முகத்துக்கும் தலைக்கும் போடுகிற எதையும் இயற்கையானதாக, விலங்கையோ மனிதரையோ வதைக்காமல் செய்ததாகப் பார்த்து வாங்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். ஆனால் கடையில் எந்த டப்பாவை எடுத்தாலும் பச்சை இலை, எதை எடுத்தாலும் 'மூலிகை'. எதை நம்புவது? ஏற்காட்டில் வாங்கிய ஜெரேனியம் எண்ணெயை முகத்தில் தடவலாமா? அம்மா வேறு, "அரப்பும் பயத்தமாவும் இருக்கறப்ப இதெல்லாம் எதுக்கு?" என்கிறாராம். அம்மா சொல்வது சரியா?

சோப்பு, பவுடர் செய்கிற இடங்களில் தரப் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள் நான். இப்போது அஸ்தம்பட்டியில் வீட்டோடு இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். பொருள் இயற்கையானதா, உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா, யாரையும் வதைக்காமல் வந்ததா என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கு 'ஆமாம்' கிடைத்தால் மற்ற இரண்டுக்கும் கிடைத்துவிட்டதாக நம்மை நினைக்க வைக்கத்தான் அந்த இலைப் படம். நம் அழகுசாதனச் சட்ட விதிகளில் 'இயற்கை' என்று போட இத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்ற வரையறை கிடையாது. அண்டா நிறைய ஷாம்பு காய்ச்சி, கடைசியில் அரைக் கரண்டி வேப்பிலைச் சாறு விட்டாலும் அது வேப்பிலை ஷாம்புதான்.

இயற்கையானது எல்லாம் சாதுவும் இல்லை. நம் ஊர்க் குளியல் பொடியில் சேர்க்கிற கார்போகரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கறுப்பாக, சின்னதாக, ஒரு மாதிரி வாசனையோடு இருக்கும். வெண்புள்ளிக்குச் சித்த மருத்துவத்தில் காலங்காலமாகப் பயன்படும் விதை. அதிலுள்ள சோரலென் என்ற பொருள் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். பொடியில் ஒரு சிட்டிகை இருந்து, தேய்த்த கையோடு கழுவிவிட்டால் பெரிய தொல்லை இல்லை. இப்போது அதே விதையிலிருந்து எடுக்கும் 'பகுச்சியால்' என்ற பொருள், 'தாவர ரெட்டினால்' (ரெட்டினால் என்பது முகச் சுருக்கத்துக்குப் போடுவது) என்ற பெயரில் சின்ன பாட்டில் சீரமாக நல்ல விலைக்கு வருகிறது. அதில் சோரலெனை நீக்கிச் சுத்தப்படுத்தியிருப்பார்கள். 'எதற்கு இவ்வளவு காசு, மூல எண்ணெயையே வாங்கிக்கலாமே' என்று பகுச்சி (கார்போகரிசிதான்) விதை எண்ணெயை இரவில் முகத்தில் பூசி, காலையில் ஐந்து ரோடு சந்திப்பு வெயிலில் வண்டி ஓட்டினால் முகம் வெந்து, அப்புறம் மாதக்கணக்கில் கருந்திட்டாக நிற்கும். இங்கே பாதுகாப்பு, ஆலையில் சுத்தப்படுத்தியதில்தான் இருக்கிறது. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துவிட்டு வெளியே போவதும் இதே கதைதான்.

கஸ்தூரி மஞ்சளைப் பற்றிக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்லியாக வேண்டும், சேலத்தில் எல்லாரும் வாங்குவது என்பதால். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் கேட்டேன். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தில் ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தார். "கிழங்கா இருக்குதுங்களா?" என்றேன். உள்ளேயிருந்து வில்லை வில்லையாக நறுக்கிக் காயவைத்த ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டிலும் ஒரு சிட்டிகையை ஈரக் காகிதத்தில் வைத்து, பக்கத்துப் பெட்டிக்கடையில் வாங்கிய வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தேன். பாக்கெட் பொடி அந்த நிமிடமே ரத்தச் சிவப்பானது. சமையல் மஞ்சளில் இருக்கும் குர்குமின் சுண்ணாம்பு பட்டால் அப்படித்தான் சிவக்கும்; பழைய முறைக் குங்குமம் பிறப்பதே இதில்தான். அசல் கஸ்தூரி மஞ்சளில் குர்குமின் கம்மி. உள்ளே வெளிறிய சந்தன நிறத்தில் இருக்கும், கற்பூர வாடை அடிக்கும், கையில் கறை ஒட்டாது. வில்லையில் நிறம் பெரிதாக மாறவில்லை, ஆனால் அது பூலாங்கிழங்கு வகையறா மாதிரித்தான் எனக்குப் பட்டது. கடைக்காரர் சிரித்துவிட்டு, "அக்கா, எல்லாரும் மஞ்சளாத்தான் கேக்கறாங்க. வெளுத்தாப்புல குடுத்தா போலின்னு திருப்பிக் கொண்டாந்துடறாங்க" என்றார். அவர் மேலும் தப்புச் சொல்ல முடியவில்லை. பூலாங்கிழங்கு கெட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம், நல்ல வாசனைப் பொருள்தான். பேரும் விலையும்தான் வேறொன்றுடையது. பொடியாக எதையும் வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கிழங்காக, விதையாக, இலையாக வாங்கி மில்லில் நம் கண் முன்னால் அரைத்துக்கொள்வது நல்லது.

சந்தனத்துக்கும் இதேதான். சேலத்திலேயே வனத்துறையின் சந்தனமரக் கிடங்கு இருக்கிறது. அங்கே ஒரு கிலோ கட்டை பல ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் போகும்போது, ஐம்பது ரூபாய் டப்பாவில் 'சுத்த சந்தனப் பொடி' எப்படி வரும்? மரத்தூளில் வாசனை தெளித்திருப்பார்கள். அசலே கிடைத்தாலும், அது காட்டில் அருகிவரும் மரம் என்பதை நினைத்து நான் வாங்குவதை விட்டுவிட்டேன்.

அரப்புக்கு வருவோம். உசிலை மரத்து இலையைக் காயவைத்துப் பொடித்ததுதான் அரப்பு. சேர்வராயன் மலையின் அடிவாரத்து வறண்ட காட்டில் அந்த மரம் நன்றாக வளரும். மழை அதிகம் கேட்காது, தழைத்தால் மறுபடி ஒடிக்கலாம், மரத்தை வெட்ட வேண்டியதில்லை. சந்தையில் படிக்கணக்கில் அளந்து போடும் பொடி பச்சை குறையாமல் இருக்க வேண்டும். பழுப்பேறி இருந்தால் வெயிலில் காய்ந்தது அல்லது பழசு. திறக்கும்போது தும்மல் வரும், கண்ணில் பட்டால் எரிந்து தள்ளும். எண்ணெய்த் தலைக்கு இதைப் போல வேறொன்றை நான் பார்க்கவில்லை. ஷாம்பு மாதிரி நுரை வராது என்பதால் இளசுகளுக்குப் பிடிப்பதில்லை. நுரைக்கும் அழுக்கு போவதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது.

சீயக்காய் அப்படி எளிதாகக் கையில் வருவதில்லை. கொடி முழுக்க வளைந்த முள். மலையில் காய் பொறுக்குகிற மலையாளிப் பழங்குடிப் பெண்களின் கையைப் பார்த்தால் தெரியும். 'அறம்' என்று நீங்கள் கேட்டீர்களே, எனக்கு அது சோதனைக்கூட முயலைவிட இந்தக் கையில்தான் முதலில் தொடங்குகிறது. 2006 வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருளைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமையை அந்த மக்களுக்கே கொடுத்திருக்கிறது. மலைவாழ் மக்களுக்கான 'லாம்ப்' கூட்டுறவுச் சங்கங்கள் இருப்பதும் இடையில் தரகர் விலையை அமுக்காமல் இருக்கத்தான். ஏற்காட்டுப் பக்கம் போகும்போது சங்கத்திலோ, சந்தையில் உட்காரும் அந்தப் பெண்களிடமோ ஒரு வருடத்துக்கான சீயக்காயை மொத்தமாக வாங்கிவிடுங்கள். பேரம் பேசாதீர்கள். பெரிய கடையில் அட்டைப் பெட்டிக்குப் பேசாமல் கொடுக்கிறோமே.

இப்போது என் வீட்டுக் கதை ஒன்று. ஆத்தூரில் இருக்கும் என் நாத்தனார், மகன் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் தலைக்கு மை போட்டார். பாக்கெட்டில் 'நூறு சதவீத மூலிகை, கறுப்பு மருதாணி' என்றிருந்தது. இருபது நிமிடத்தில் முடி கருகருவென்று ஆனது. மறுநாள் காலையில் இமை வீங்கிக் கண் திறக்கவில்லை, நெற்றியெல்லாம் கொப்பளம். நிச்சயத்துக்குப் போக வேண்டியவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். மடிப்புக்கு உள்ளே எறும்பு எழுத்தில் 'பாரா ஃபினைலின்டையமின்'. பி.பி.டி. என்பார்கள், செயற்கைச் சாயம். அது கலந்த சாயம் சட்ட விரோதம் கிடையாது, ஆனால் 'தோல் எரிச்சல் உண்டாகலாம், முன்கூட்டிச் சோதித்துப் பார்க்கவும். இமைக்கும் புருவத்துக்கும் போடக் கூடாது, பார்வை போகலாம்' என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. ஆகவே, 'மூலிகை' என்று எழுதிய பாக்கெட்டில் அந்த எச்சரிக்கை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் உள்ளே என்ன என்று அதுவே சொல்லிவிட்டது.

மருதாணி தனியாக எந்தக் காலத்திலும் கறுப்பாகாது. செம்பட்டை நிறம்தான் தரும், அதுவும் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால். கறுப்பு வேண்டுமானால் மருதாணி போட்டு அலசிவிட்டு, அதற்கு மேல் அவுரி இலைப் பொடியைக் குழைத்துப் போட வேண்டும். அரை நாள் வேலை. இதைவிடச் சுருக்கமாக, இருபது நிமிடத்தில் கறுப்பாக்குகிற மூலிகை எதையும் நான் பார்த்ததில்லை. எந்தச் சாயமானாலும் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் போடுங்கள். போன தடவை ஒத்துக்கொண்டதே என்று விட்டுவிடக் கூடாது. பி.பி.டி. ஒவ்வாமை, பல தடவை போட்ட பிறகும் திடீரென்று வரும்.

டப்பாவின் பின்பக்கம் படிப்பது கஷ்டமே இல்லை. சேர்மானங்களை அளவில் அதிகமானது முதலில் வரும்படிதான் எழுத வேண்டும். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவை எந்த வரிசையிலும் வரலாம். முதல் நான்கு ஐந்து பெயர்கள்தான் அந்தப் பொருள். பாதாம் படம் போட்ட தலை எண்ணெயில் முதலில் 'லைட் லிக்விட் பாரஃபின்' என்றிருந்தால் நீங்கள் வாங்குவது பெட்ரோலிய எண்ணெய். அது தலைக்குக் கெடுதல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாதாம் விலை கொடுப்பானேன்? செக்குத் தேங்காயெண்ணெய் போதும். (2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சின்ன பாட்டில் தேங்காயெண்ணெய்க்குச் சமையல் எண்ணெய்க்கான வரிதான் என்று சொல்லிவிட்டது, தலை எண்ணெய் என்று எழுதி விற்றால்தான் அப்போது வேறு வரியாக இருந்தது. ஒரே எண்ணெய்தானே!) சோப்பில் டி.எஃப்.எம். (மொத்தக் கொழுப்புச் சத்தின் சதவீதம்) பாருங்கள். 76 அல்லது அதற்கு மேல் இருந்தால் முதல் தரக் குளியல் சோப்பு. 'பாத்திங் பார்' என்று போட்டிருந்தால் கொழுப்புச் சத்து 40 இருந்தாலே போதும், மிச்சத்துக்கு வேறு நிரப்பு. அப்புறம் தயாரிப்பு உரிமம் எண், முழு முகவரி, தொகுதி எண், காலாவதித் தேதி. முகவரி இல்லாத சிவப்பழகு கிரீமைத் தொடவே தொடாதீர்கள். இப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசம் இருந்து சிறுநீரகம் பழுதானவர்களை 2023இல் மலப்புரத்தில் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். நம் விதிப்படி இந்த மாதிரிக் கிரீமில் கலப்படமாகத் தெரியாமல் வரும் பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

விலங்குச் சோதனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் அழகுசாதனத்தை விலங்கில் சோதிப்பது 2014இலிருந்தே தடை. அப்படிச் சோதித்ததை இறக்குமதி செய்யவும் அதே வருடம் தடை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் விற்பனையையே நிறுத்தியது. ஆக, சேலத்திலோ சென்னையிலோ செய்த சோப்பில் 'விலங்கில் சோதிக்கவில்லை' என்று பெரிதாகப் போடுவது, 'எங்கள் இட்லியில் கல் இல்லை' என்று போர்டு வைப்பது போல. வெளிநாட்டுக் கம்பெனி என்றால் கேட்பதில் அர்த்தம் உண்டு. தாவும் முயல் சின்னம், மூலப்பொருள் கொடுப்பவர்கள் வரை தணிக்கை செய்து தருவது. சும்மா வரைந்து வைத்த முயல்களும் நிறைய உலவுகின்றன. சோதிக்காதது வேறு, விலங்குப் பொருள் இல்லாதது வேறு. சிவப்பு லிப்ஸ்டிக்கில் 'சி.ஐ. 75470' என்று இருந்தால் அது பூச்சியை நசுக்கி எடுத்த சாயம். சோப்பில் 'சோடியம் டாலோவேட்' என்றால் விலங்குக் கொழுப்பு, பெரும்பாலும் மாட்டுடையது.

மின்னுகிற ஐ ஷேடோ, ஹைலைட்டர் இவற்றில்தான் எனக்கு மனசு உறுத்தும். அந்த மினுமினுப்பு மைக்கா என்ற கனிமம், லேபிளில் எண் 77019. ஜார்க்கண்டில் கோடர்மா, கிரிதி பக்கம் கைவிட்ட சுரங்கங்களில் குழந்தைகள் எலி வளை போன்ற குழிக்குள் இறங்கிப் பொறுக்குவது ஊரறிந்த விஷயம். அதைச் சரிசெய்யவென்று 2017இல் கம்பெனிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பும் அமைத்தன. 'செயற்கை ஃப்ளுவோர்ஃப்லோகோபைட்' என்று லேபிளில் இருந்தால் ஆலையில் செய்த மைக்கா. பாருங்கள், இங்கே செயற்கையானதுதான் சுத்தமான கை.

பவுடருக்கு ஒரு வார்த்தை. டால்க் கல்லை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பட்டியலில் 2024இல் உலக சுகாதார அமைப்பின் ஆய்வு முகமை சேர்த்தது. மாற்றாக உலகம் தேடும் பொருட்களில் ஒன்று மரவள்ளி மாவு. அது நம் ஊர்ச் சரக்கு, ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறோம். ஆனால் வேர்வையில் கட்டிக்கொள்ளும், அக்குளுக்குச் சரிப்படாது. அக்குளுக்கு 'அலுமினியம் இல்லாத இயற்கைக் கல்' என்று விற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அது சலூனில் முகத்தில் தேய்க்கும் படிகாரம். படிகாரமே அலுமினிய உப்புதான்.

வீட்டில் சோப்பு செய்து விற்பவர்களிடம் வாங்கலாமா? வாங்கலாம், கேட்டு வாங்குங்கள். "நீங்களே காஸ்டிக் சோடா கரைச்சு செய்றீங்களா, பேஸ் உருக்கி ஊத்துறீங்களா?" பேஸ் என்பது கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் சோப்புக் கட்டி. அதை உருக்கி, ரோஜா இதழ் தூவி, அச்சில் ஊற்றினால் அதற்கு ஏற்ற விலைதான் கொடுக்க வேண்டும். சோடா கரைத்துச் செய்தால் நான்கிலிருந்து ஆறு வாரம் ஆறப் போட்டார்களா என்று கேளுங்கள். உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள், விற்பனைக்குச் செய்தால் அது கட்டாயம். தண்ணீர் சேர்ந்த எதுவும், கற்றாழை ஜெல், ரோஜாத் தண்ணீர், கிரீம், 'பதப்படுத்தி (பிரிசர்வேட்டிவ்) இல்லை' என்று சொல்லி மாதக்கணக்கில் அலமாரியில் இருந்தால் பயப்படுங்கள். தோட்டத்துக் கற்றாழையைச் சீவி ஃபிரிட்ஜில் வைத்தாலே இரண்டு நாளில் வாடை மாறுகிறதே. அளவோடு போட்ட பதப்படுத்தியைவிடப் பூஞ்சை மோசம்.

ஏற்காட்டு எண்ணெய்க்கு வருகிறேன். ஜெரேனியத்துக்கு ஏற்காட்டோடு பழைய உறவு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் முதலில் கொண்டுவந்து நட்டது அங்கேதான். ஆனால் ஒரு கிலோ எண்ணெய் இறக்க ஏறக்குறைய ஒரு டன் தழை வேண்டும். ஏரிக்கரைக் கடையில் நூறு ரூபாய்க்குக் கொடுத்த பாட்டில் எதுவாக இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அசலாகவே இருந்தாலும் நேரடியாக முகத்தில் வேண்டாம். 30 மில்லி தேங்காயெண்ணெய்க்கு ஐந்தாறு சொட்டு போதும், அதையும் முழங்கை மடிப்பில் போட்டுப் பார்த்துவிட்டு. ஜெரானியால், சிட்ரோனெல்லால், லினலூல் என்று அதில் மணப்பவை எல்லாமே ஒவ்வாமைப் பட்டியலில் இருப்பவை. யூகலிப்டஸைக் கைக்குழந்தை பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

சாஷே பாக்கெட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஷாம்புவைச் சின்ன உறையில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டுபோனவர் நம் கடலூர் சின்னி கிருஷ்ணன்தான். நல்ல யோசனைதான், ஆனால் பல அடுக்கு ஒட்டிய அந்த உறையை மறுசுழற்சிக்கு யாரும் எடுப்பதில்லை. மலைப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவிலும் ஓரத்தில் மின்னுவது அதுதான். பெரிய பாட்டிலாக வாங்க முடிந்தவர்கள் அதையே வாங்கலாம்.

கடைசியாக, அம்மா. அவர் சொன்னது பெரும்பாலும் சரி: அரப்பு, சீயக்காய், பயத்தமாவு, செக்கெண்ணெய், நல்ல டி.எஃப்.எம். சோப்பு, வெயிலில் போகிறவர் என்பதால் ஒரு சன்ஸ்கிரீன். சன்ஸ்கிரீனுக்கு மட்டும் வீட்டு மாற்று எதையும் தேட வேண்டாம், கடையில் உரிமம் உள்ளதாக வாங்குங்கள். அப்புறம் இன்று ராத்திரி அம்மா ஸ்டிக்கர் பொட்டை எடுத்த பிறகு நெற்றியைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பாருங்கள். பொட்டு இருந்த இடம் வட்டமாக வெளுத்திருந்தால், அது ஒட்டுப் பசையிலிருக்கும் ரசாயனத்தின் வேலை. உடனே ஸ்டிக்கரை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். குங்குமம் வைத்துக்கொள்ளட்டும், ஆனால் அடர் சிவப்பில் மின்னுகிறதை வாங்காமல், மஞ்சளில் செய்த மங்கலான சிவப்பாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள்.